கரை ஒதுங்கிய தகடு எந்த விமானத்துடையது?

அரக்கோணத்தில் கடல் கிடையாது. ஆனாலும் 1992 முதல் அங்கே கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது: ஐஎன்எஸ் ராஜாளி. வங்கக் கடலில் விமானம் காணாமல் போனால், தேடிக் கிளம்பும் பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு ஜெட்டுகளின் இரைச்சல் பழைய வடாற்காடு மாவட்டத்துக்குத்தான் முதலில் கேட்கும்.

தேடுவது ஒரு வேலை. கரை ஒதுங்கிய துண்டு எதனுடையது என்று சொல்வது வேறு வேலை. போர் ஜெட் வேகமாகக் கடலில் மோதும்போது தண்ணீருக்கு விலகிக்கொள்ள நேரமே இருக்காது; விமானம் சுக்குநூறாகிவிடும். என்ஜின் நேராக அடிக்குப் போகும். மிதந்து வருபவை உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட இறக்கைப் பலகை, மூக்குக் கூம்பு, இருக்கை நுரை, டயர், வெளியே மாட்டும் காலி எரிபொருள் தொட்டி போன்றவை. தொட்டியைப் பார்த்ததும் விபத்து என்று முடிவு கட்டக் கூடாது. பறக்கும்போதே விமானி அதைக் கழற்றி விடுவதும் உண்டு.

துண்டின் உள்பக்கம்தான் முக்கியம். வெளிப்பூச்சு உரிந்திருந்தாலும் உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்த அடிப்பூச்சு பெரும்பாலும் தங்கியிருக்கும். அதில் இருப்பது குரோமேட். ராணிப்பேட்டைக்காரர்களுக்குக் குரோமியத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோல் பதனிட உதவியதும் அதுதான், நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதுதான். விமானத்தில் அது அலுமினியத்தை உப்பு அரிக்காமல் காக்கிறது. ஆனால் பயணிகள் விமானத்திலும் இதே பூச்சு உண்டு என்பதால், நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து ஆணிகளை அளப்பார்கள். ரஷ்யத் தயாரிப்பு என்றால் மில்லிமீட்டர் கணக்கு, ரஷ்ய எழுத்துகள். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. அப்புறம் பாக எண். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, பல பாகங்களில் எண் போட்டிருப்பார்கள். அடித்துப் பதித்த எண் தேய்ந்து போனாலும், அதன் அடியில் உலோகம் நசுங்கியே இருக்கும். ரசாயனம் தடவினால் அந்த இடம் வேறு விதமாக அரிபட்டு, எண் மங்கலாகத் தெரியும். 2015இல் ரியூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பாகத்தில் பெயர்த் தகடே இல்லை. உள்ளே இருந்த எண்களில் ஒன்றைத் தயாரிப்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான், அது 2014இல் காணாமல் போன மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்370 உடையது என்று உறுதி செய்தார்கள்.

துண்டில் கொட்டலசு (மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும், ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஒட்டியிருந்தால் சுரண்டிவிடக் கூடாது. அதன் அளவை வைத்துக் குறைந்தது எத்தனை நாள் மிதந்தது என்று கணிக்கலாம். அதன் ஓட்டில் உள்ள கனமான, லேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், எவ்வளவு சூடான நீரில் வளர்ந்தது என்று காட்டும். நாள் தெரிந்தால் காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணக்கிடலாம். நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் கோடை தொடங்கும்போது வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழையில் தெற்கே திரும்பிவிடும். மாதம் தவறினால் கணக்கே தலைகீழ்.

சில சமயம் ஒன்றுமே ஒதுங்காது. 2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 அப்படித்தான். அது ஜெட் அல்ல, விசிறி வைத்த சரக்கு விமானம். அதில் 29 பேர் இருந்தார்கள். 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில், ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் விமானச் சிதைவு தெரிந்திருக்கிறது. படங்கள் ஏஎன்-32 உடன் பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து, இது அதுவாகத்தான் இருக்கக்கூடும் என்றது பாதுகாப்பு அமைச்சகம்.