சர்வருக்குள் நுழைவதற்காக மடிக்கணினியை அழிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு வந்த தொலைபேசி அழைப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு வாரங்களே ஆன இளைஞர் ஒருவர் அழாத குறையாகப் பேசினார். நிறுவனத்தின் இணையதளமும் கணக்கு மென்பொருளும் ஓடுகிற இரண்டு லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. லினக்ஸ் சர்வரை நிர்வகிப்பவர் தம் கணினியிலும் லினக்ஸைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அன்று மாலை அலுவலக மடிக்கணினியில் இருந்த விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸின் ஒரு வகையான காளி லினக்ஸை நிறுவியிருக்கிறார். வட்டு முழுவதையும் அழித்துவிட்டுத் தொடரலாமா என்று திரை கேட்டபோது சரி என்று அழுத்தியிருக்கிறார். சர்வர்களுக்குள் நுழைவதற்கான பிரைவேட் கீ, அதாவது சாவி போன்ற இரகசியக் கோப்பு, அந்த வட்டில் மட்டுமே இருந்தது.

கடவுச்சொல்லைக் கொண்டு நுழைய முடியாதபடி அந்தச் சர்வர்கள் அமைக்கப்பட்டிருந்தன. அது சரியான அமைப்பு. இவருக்கு முன் அந்தப் பணியில் இருந்தவர் விலகியபோது அவருடைய கீ நீக்கப்பட்டிருந்தது; அதுவும் சரியே. ஆனால் மாற்றுக் கீ ஒன்றை எவரும் சேர்த்து வைக்காததால், உள்ளே செல்லும் வழி யாரிடமும் இல்லாமல் போயிற்று. சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நுழைந்து, சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மீட்பு முறையில் துவக்கி, வட்டை இணைத்து, புதிய பப்ளிக் கீயை (பிரைவேட் கீக்கு இணையாகச் சர்வரில் வைக்கும் பூட்டு போன்றது) உரிய கோப்பில் எழுதி, மீண்டும் துவக்கி முடித்தபோது விடியற்காலை இரண்டரை மணி. ஆள் மட்டும் மாற, இதே நிகழ்வை இந்த ஓராண்டில் நான்காவது முறையாகப் பார்க்கிறேன்.

அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. “லினக்ஸ் சர்வருக்குள் லினக்ஸ்ல இருந்துதானே சார் போக முடியும்?” என்று அவர் கேட்டது நேர்மையான ஐயம். அதை ஓர் உண்மையைப் போல மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். ஆகவே, பொறுமையாக ஒரு முறை விளக்கிவிடுகிறேன்.

நீங்கள் எஸ்எஸ்எச் (ssh) என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு முறை வழியாக ஒரு சர்வருடன் இணையும்போது, உங்கள் மேசையில் உள்ள கணினி செய்யும் வேலை மிகச் சிறியது. நீங்கள் அழுத்தும் எழுத்துகளை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. அங்கிருந்து திரும்பி வரும் எழுத்துகளைத் திரையில் காட்டுகிறது. கட்டளை ஓடுவது சர்வரில். கோப்பு மாறுவதும், நினைவகம் செலவாவதும், பிழைச்செய்தி பிறப்பதும் சர்வரில்தான். உங்களிடம் இருப்பது விண்டோஸா, மேக்கா, உபுண்டு போன்ற லினக்ஸா என்பதை வைத்துச் சர்வர் எவரையும் உள்ளே விடுவதுமில்லை, வெளியே நிறுத்துவதுமில்லை; நீங்கள் காட்டும் கீ தன்னிடம் பதிவாகியுள்ள பப்ளிக் கீயுடன் பொருந்துகிறதா என்பதே அதற்கு முக்கியம். இந்த நெறிமுறையை 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாது யிலோனென் உருவாக்கியதற்கே, பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதுதான் காரணம். எந்தக் கணினியில் இருந்து வருகிறீர்கள் என்ற கேள்வி அதன் பிறப்பிலேயே இல்லை. வழியில் எவரும் படிக்காமல் இருக்க வேண்டும், வருபவர் உரியவராக இருக்க வேண்டும் என்ற இரண்டே கவலைகள்தான் இருந்தன.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒரு காலத்தில் அதில் சிறிதளவு நியாயம் இருந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்எஸ்எச் கட்டளை உடன் வரும். விண்டோஸில் நெடுங்காலம் அது இல்லை. விண்டோஸ் பயன்படுத்தியவர்கள் சைமன் டாதம் எழுதிய புட்டி என்னும் இலவச மென்பொருளைத் தனியாக இறக்கி வேலை செய்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆனால் 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் இருந்து, ஓப்பன்எஸ்எஸ்எச் விண்டோஸுடனேயே வருகிறது. லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுகிற, ஓப்பன்பிஎஸ்டி குழு 1999-இல் வெளியிட்ட அதே மென்பொருள்தான் அது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எஸ்எச் என்று தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் செய்து பார்க்க ஒரு நிமிடம் செலவிடாமல், முழு வட்டையும் அழிக்கச் சொல்லிக்கொடுப்பது என்ன பயிற்சி?

காளி லினக்ஸைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது பாதுகாப்புக் குறைகளைக் கண்டறிய ஊடுருவல் சோதனை செய்யும் வல்லுநர்களுக்காகக் கட்டப்பட்ட கருவித் தொகுப்பு. லினக்ஸுக்குப் புதியவர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்காக இதை நிறுவுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை என்று அதை உருவாக்குவோரே தங்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2020 ஜனவரி வரை அதில் இயல்பான பயனரே எல்லா அதிகாரமும் கொண்ட ரூட்தான். அதாவது, கை தவறித் தட்டும் எந்தக் கட்டளையையும் தடுக்க ஆளில்லாத நிலை. உங்கள் வேலை ஒரு சர்வருக்குள் சென்று பதிவேடுகளைப் பார்ப்பதும் சேவைகளை மறுதுவக்கம் செய்வதும் என்றால், அதில் உள்ள கருவிகளில் பத்தில் ஒன்றுகூட உங்களுக்குத் தேவைப்படாது. கல்லூரியில் இருந்து வரும் பிள்ளைகள் அதன் கறுப்புத் திரையைப் பார்த்து மயங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அப்படியானால் இயங்குதளங்களுக்குள் வேறுபாடே இல்லையா? உண்டு. ஆனால் அது நுழைவதில் இல்லை, அன்றாட உராய்வுகளில் இருக்கிறது. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டைச் சர்வரில் ஏற்றி ஓட்டினால், கண்ணால் கோப்பைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஓடாமல் போகலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் சேர்க்கும் கூடுதல் குறியே காரணம், எடிட்டரில் வரி முடிவை யுனிக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. பிரைவேட் கீயைப் பென்டிரைவில் இருந்து நகலெடுத்தால், கோப்பின் அனுமதிகள் தளர்வாக உள்ளன என்று எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுக்கலாம். அது பிழையன்று, பாதுகாப்பு. கோப்பைப் படிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இருக்கும்படி மாற்றுங்கள். மேக்கில் டெர்மினல் வசதியானது, எனினும் அதன் செட் (sed) போன்ற சில கட்டளைகள் பிஎஸ்டி என்னும் வேறொரு யுனிக்ஸ் வகையின் வழி வந்தவை என்பதால், அங்கே ஓடிய வரி லினக்ஸ் சர்வரில் அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. விண்டோஸ் சர்வரின் திரையையே தொலைவிலிருந்து காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் இதே நிலைதான்: விண்டோஸில், ஹோம் பதிப்பு உட்பட, இணைப்பு மென்பொருள் உடன் வருகிறது, மேக்குக்கு மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறது, லினக்ஸில் ரெமினா என்னும் மென்பொருள் போதும். அந்தச் சர்வரின் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வரும் வாயில்) இணையம் முழுவதற்கும் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் என்னும் மறையாக்கிய தனிப்பாதை வழியாக மட்டும் செல்லுங்கள். அதுவே இயங்குதளத் தேர்வைவிட நூறு மடங்கு முக்கியம்.

மேசையில் லினக்ஸ் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாளெல்லாம் லினக்ஸ் சர்வரோடு புழங்குகிறவர் தம் சொந்தக் கணினியிலும் அதை வைத்திருந்தால், கோப்பு அனுமதிகளும் சேவைகளும் பதிவேடுகளும் கைப்பழக்கமாகிவிடும்; சர்வரில் செய்து பார்க்கத் தயங்குவதை இங்கே துணிந்து செய்து பார்க்கலாம். இது நுழைவதற்கான நிபந்தனையன்று, கற்பதற்கான வழி. கற்க விரும்பினால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ டெபியனையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி வழியாகவோ மெய்நிகர் இயந்திரத்திலோ ஓட்டிப் பாருங்கள், அல்லது வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் நிறுவுங்கள். அலுவலகக் கீ இருக்கும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் திருட்டு விண்டோஸ் வைத்திருந்தால் எனக்கு மிகுந்த கவலை உண்டு. ஆக்டிவேட் செய்யும் மென்பொருளை ஓட்டுவதற்காக ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு நிர்வாகி அனுமதி கொடுக்கும் நிமிடத்திலேயே, அந்தக் கணினியை முகம் தெரியாத ஒருவருக்கு ஒப்படைத்துவிடுகிறீர்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் உங்கள் கீ இருக்கும் கோப்புறையை நகலெடுப்பதுதான். உலகின் உறுதியான மறையாக்கம் சர்வரில் இருந்தும் என்ன பயன்? உரிமம் வாங்கப் பணம் இல்லையென்றால், அதுதான் லினக்ஸுக்கு மாற வேண்டிய உண்மையான காரணம். அப்போது நானே வந்து நிறுவிக்கொடுப்பேன். அதேபோல, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதுப்பிப்பு வராத கணினியில் இருந்து சர்வரைத் தொடாதீர்கள்.

புட்டியை இன்னும் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு சொற்கள். தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வரும் பக்கத்தில் இருந்து அதை இறக்காதீர்கள். தீநிரல் கலந்த போலிப் பிரதிகள் பல முறை உலவியிருக்கின்றன. அடுத்தது, 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் 521-பிட் ஈசிடிஎஸ்ஏ வகைக் கீ பயன்படுத்தியிருந்தால், அந்தக் கீயால் இடப்பட்ட ஏறக்குறைய 60 மின்னணுக் கையொப்பங்கள் கையில் கிடைத்த ஒருவரால் உங்கள் பிரைவேட் கீயையே கணக்கிட்டு எடுத்துவிட முடியும் என்பது 2024 ஏப்ரலில் தெரியவந்தது. 0.81 பதிப்பில் மென்பொருள் திருத்தப்பட்டது, ஆனால் பழைய கீ பழையதுதான். அதைச் சர்வரில் இருந்து நீக்கிப் புதியது உருவாக்க வேண்டும். புதிதாக உருவாக்கும்போது ஈடி25519 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இனி நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்பவை. கீக்குக் கடவுத்தொடர் (கீயைத் திறக்கும் நீண்ட கடவுச்சொல்) வையுங்கள். ஒவ்வொரு முறையும் தட்டுவது தொல்லை என்றால் அதற்காகத்தான், திறந்த கீயை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏஜென்ட் என்னும் நிரல் இருக்கிறது. பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், “அவசரம் சார்” என்று யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். கேட்டவரின் பப்ளிக் கீயை வாங்கிச் சர்வரில் சேருங்கள். ஆளுக்கு ஒரு கீ, கணினிக்கு ஒரு கீ என்று வைத்தால், ஒரு மடிக்கணினி தொலைந்தாலும் சர்வரில் அதன் கீ உள்ள ஒரு வரியை மட்டும் நீக்கினால் போதும். மடிக்கணினியின் வட்டை மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் உள்ளன. சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்எச் எச்சரித்தால், தேடிப் பார்த்துக் கிடைக்கும் முதல் கட்டளையை ஒட்டி அந்தப் பதிவை அழிப்பதற்கு முன்பு, சர்வரை யாராவது மீண்டும் நிறுவினார்களா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேளுங்கள். அந்த எச்சரிக்கையைத் தவிர, இடையில் ஒருவர் நிற்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது, திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் நுழைந்து பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள். நெடுநேர வேலைகளை, இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கச் செய்யும் டீமக்ஸ் (tmux) என்னும் நிரலுக்குள் ஓட்டுங்கள். மின்தடையால் வீட்டு ரௌட்டர் அணைந்தாலும் தரவுத்தளப் பணி பாதியில் நிற்காது.

நிறுவன உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சர்வருக்குள் நுழையும் உரிமை ஒரே ஊழியரின் ஒரே மடிக்கணினியில் இருக்க விடாதீர்கள். சர்வரை வாடகைக்கு எடுத்த கணக்கின் கடவுச்சொல் விலகிப்போன ஒருவரின் மின்னஞ்சலோடு பிணைந்திருந்தால், அன்றிரவு நாங்கள் பயன்படுத்திய மீட்பு வழியும் உங்களுக்கு அடைபட்டுப் போகும். உரிமையாளரே தொடர்ந்து பார்க்கும் மின்னஞ்சலுக்கு அதை இன்றே மாற்றுங்கள்.

அந்தத் தம்பி மறுநாள், மீண்டும் விண்டோஸுக்கே போய்விடலாமா என்று கேட்டார். அலுவலகக் கணினியில் உரிமம் உள்ள விண்டோஸ், வீட்டுக் கணினியில் டெபியன் என்று முடிவு செய்தோம். அதற்கு முன்பாக அவர் மேலாளரின் கணினியில் இரண்டாவது கீ ஒன்றை உருவாக்கி, இரண்டு சர்வர்களிலும் சேர்த்து, அங்கிருந்து நுழைந்தும் பார்த்தோம். நீங்களும் இன்று மாலை, வழக்கமாகப் பயன்படுத்தாத ஒரு கணினியில் இருந்து, மாற்றுக் கீயைக் கொண்டு உங்கள் சர்வருக்குள் ஒரு முறை நுழைந்து பாருங்கள். முடியவில்லை என்றால், பழைய கீ இன்னும் கையில் இருக்கும்போதே உள்ளே சென்று புதியதைச் சேர்த்துவிடுங்கள்.