பொருக்குதிர்வு: ‘ஸ்பாலேஷன்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

ஜெட் எஞ்சின், எரிவளி விசையாழி (கேஸ் டர்பைன்) பற்றிப் படிக்கிறவர்களுக்கு ‘ஸ்பாலேஷன்’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். உலோகக் கலவையின் மேல் பூசிய செராமிக் காப்புப் பூச்சு நெடுநேர வெப்பத்தில் கெட்டு, சில்லு சில்லாகக் கழன்று விழுவதை அப்படிச் சொல்கிறார்கள்.

‘ஸ்பால்’ என்பது இடைக்கால ஆங்கிலத்திலேயே இருந்த சொல். உடைத்த கல்லிலிருந்து தெறிக்கும் சில்லு என்று பொருள். தீப்பிடித்த கட்டடத்தில் கான்கிரீட் தெறித்து விழுவதற்கும் இதுதான் சொல். அணு இயற்பியலிலும் இதே சொல் உண்டு. அது வேறு கதை, நமது தமிழ்ச்சொல் அங்கே பொருந்தாது.

‘செராமிக்’ கிரேக்க ‘கெரமோஸ்’ வழி வந்தது. குயவர் மண், அதில் செய்த கலம். சுடுமண் என்று தமிழாக்கலாம்தான். ஆனால் இந்தப் பூச்சில் மண்ணே இல்லை. எடையில் 7–8 விழுக்காடு இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) அது. அதனால் இங்கே செராமிக் என்றே விடுகிறேன்.

சரி, ஸ்பாலேஷனுக்கு என்ன சொல்வது? தேய்மானம் என்றால் தவறு. தேய்வது மேலிருந்து, இந்தக் கேடு பெரும்பாலும் அடியிலிருந்து. உரிதல் என்றால் பாம்புச் சட்டை நினைவுக்கு வரும்; வளையும் தோலுக்குத்தான் அது சரி. பெயர்தல் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் சுவர்க் காரை ஈரத்தாலும் பெயரும். எனக்குப் பிடித்தது பொருக்கு. காய்ந்த சேற்றின் மேலோடு, ஆறும் புண்ணின் மேல்தோடு, மரத்தின் செதிள் எல்லாம் பொருக்குதான். இறுகி, வெடித்து, விளிம்பு தூக்கிக்கொண்டு அடியைவிட்டு விலகுவது அதன் இயல்பு.

பூச்சுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. புதிய பூச்சில் நுண்துளைகளும் மயிரிழை விரிசல்களும் நிறைந்திருக்கும். குறை போலத் தெரிந்தாலும் பூச்சு வளைந்துகொடுப்பதும் வெப்பத்தைத் தடுப்பதும் அவற்றால்தான். மணிக்கணக்கில் சூட்டிலேயே இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, துளைகள் அடைபட்டு, பூச்சு விறைத்துப்போகும். சுருங்கும்போது மேலே விழும் விரிசல் வலையை ஆய்வாளர்களே சேற்று வெடிப்பு என்று அழைப்பதுண்டு. 1200 பாகை செல்சியஸைத் தாண்டினால் இன்னொரு சிக்கல்: சிர்கோனியாவின் படிக அமைப்பே மெல்லப் பிரிந்து, ஆறும்போது அதில் ஒரு பகுதி சுமார் 4 விழுக்காடு பருக்கும்.

ஆனாலும் முக்கியக் குற்றவாளி அடியில் இருக்கிறது. செராமிக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே அலுமினியம் கலந்த ஒட்டுப்பூச்சு ஒன்று உண்டு. சிர்கோனியா ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும். அந்த ஆக்சிஜன் ஒட்டுப்பூச்சின் அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஏடாக வளர்கிறது. மெல்லிய ஏடு நல்லது, உலோகத்தைக் காக்கும். சில மைக்ரோமீட்டர் தடித்துவிட்டால் ஆபத்து. எஞ்சின் ஆறும்போது, ஒவ்வொரு பாகைக்கும் உலோகம் 10 லட்சத்தில் 14 முதல் 16 பங்கு சுருங்கும். சிர்கோனியா சுமார் 11, அலுமினா 8 அல்லது 9 பங்குதான். இடம் போதாமல் நெருக்குண்ட ஏடு நெளிகிறது, விரிசல் பக்கவாட்டில் ஓடுகிறது, மேலே இருக்கும் பூச்சையும் சேர்த்துத் தூக்குகிறது. கெடுப்பது சூடு, கழற்றுவது குளிர்ச்சி.

ஆகவே பொருக்குதிர்வு. வினையாகவும் வளைந்துகொடுக்கிறது: ‘விசையாழி அலகின் (பிளேடின்) முனையில் பூச்சு பொருக்குதிர்ந்திருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. இன்னும் விரிசலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலைக்குப் பொருக்குவெடிப்பு என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் வேடிக்கையான ஒரு கிளைச்சொல்லும் உண்டு: ‘டெஸ்க்டாப் ஸ்பாலேஷன்’. உலையில் நூற்றுக்கணக்கான மணிநேரம் வெந்த மாதிரித்துண்டு முழுதாகவே வெளியே வரும். மேசைமேல் ஆறிக் கிடக்கும். சில மணிநேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே பூச்சு டப்பென்று தெறித்துவிடும். காற்றின் ஈரம் விரிசல் முனையில் செய்யும் வேலை அது; ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உடனேயே தெறிப்பதும் உண்டு. இதை நான் மேசைப் பொருக்குதிர்வு என்றே எழுதுகிறேன்.