பாம்பன் காற்றும் ஒரு சீரம் பாட்டிலும்

மண்டபத்தில் மதினி வீட்டு ஜன்னலோரம், முகத்தில் தடவும் வைட்டமின் சி சீரம் ஒன்று இருந்தது. வாங்கும்போது தண்ணீராய்த் தெளிந்திருந்ததாம். நான் பார்த்தபோது கடுங்காப்பி நிறம். "நாள்பட்டு வீரியம் கூடியிருக்கும், இல்லையா தம்பி?" என்றார். செத்துப்போயிருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

வைட்டமின் சி என்னும் அஸ்கார்பிக் அமிலம் எலக்ட்ரான்களைக் கேட்பவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கும். தோலுக்கு அது நல்லது செய்வதும், பாட்டிலுக்குள் கெட்டுப்போவதும் இந்தக் கொடைக் குணத்தால்தான். நீரில் கரைந்து, வெயிலும் காற்றும் பட்டால் ஆக்சிஜனேற்றம் விரைகிறது. இரும்போ செம்போ துளி கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்புக்கும் இதே கதிதான். உப்புக்காற்று அரிக்க அரிக்க, பூச்சு அடித்துத்தான் காத்தார்கள். வேதியியலாரும் வைட்டமினுக்குப் பூச்சுதான் அடித்தார்கள். அஸ்கார்பிக் அமிலத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடி சேர்ந்த ஹைட்ராக்சில் முனைகள் நான்கு உண்டு. எலக்ட்ரான் கைமாறுவது அவற்றில் இரண்டின் வழியாக. நான்கிலும் ஆளுக்கொரு கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கோத்துவிட்டால் டெட்ராஹெக்சைல்டெசில் அஸ்கார்பேட். வாயில் நுழையாத பெயர். நீரில் கரையாது, எண்ணெயில் சுலபமாகக் கரையும்.

சாதாரண வைட்டமின் சி தோலுக்குள் இறங்க, கரைசலின் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 3.5-க்குக் கீழே இருக்கவேண்டும். பாசி எடுக்கப் போய்ப் பாறை கீறிய கையில் அந்தப் புளிப்பு பட்டால் எப்படி எரியும்! எண்ணெயில் கரையும் வகைக்கு அவ்வளவு அமிலத்தன்மை தேவையில்லை. உள்ளே போனதும் தோலின் எஸ்டரேஸ் நொதிகள் சங்கிலிகளை வெட்டி வைட்டமினை விடுவிக்கின்றன. தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை உறுதிப்படுத்தும் நொதிகளுக்கு வேண்டியது அப்படி விடுபட்ட வைட்டமின்தான்.

கணக்கு ஒன்று இடிக்கிறது. அஸ்கார்பிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 176. பூச்சோடு சேர்த்தால் சுமார் 1130. ஆக, எடையில் ஆறில் ஒரு பங்குகூட வைட்டமின் இல்லை. லேபிளில் 10 சதவீதம் என்று பார்த்து மயங்குகிறவர்கள் சுமார் 1.6 என்று படித்துக்கொள்ளலாம்.

பூச்சும் சாகாவரம் பெற்றதல்ல. வெயிலில் உருவாகும் ஒற்றை நிலை ஆக்சிஜன் என்னும் முரட்டு ஆக்சிஜன் இதையும் சிதைக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் வைட்டமின் ஈ போன்ற துணைகளைச் சேர்க்கிறார்கள். பூச்சிட்ட வைட்டமினைப் பெரும்பாலும் கலவை ஆறிய பிறகே ஊற்றுகிறார்கள்.

மதினி அடுத்து எண்ணெய் சீரம்தான் வாங்கினார். அதையும் ஜன்னலோரமே வைத்திருந்தார். எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.