ஸ்டால்: நிற்பது இன்ஜின் இல்லை

போயிங் 737 மேக்ஸ் விபத்துகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ஆங்கிலத்தில் ‘ஆன்டி-ஸ்டால்’ மென்பொருள் எனப்படும் அதன் எம்.சி.ஏ.எஸ். என்பதை ‘இன்ஜின் நின்றுவிடாமல் தடுக்கும் மென்பொருள்’ என்று இன்னும் எத்தனை நாள் எழுதப்போகிறார்களோ!

ஸ்டால், பழைய ஆங்கிலத்தில் நிற்கும் இடம், தொழுவம். டீ ஸ்டாலுக்கும் வேர் அதுதான். காரில் ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பது, சரி. விமானத்தில் கதையே வேறு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறினால், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று விலகிப்போகும். விமானத்தைத் தாங்கும் விசை சரிந்துவிடும். இன்ஜினே இல்லாத கிளைடருக்கும் இது நேரும். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447, இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகித்தான் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

இந்த ஸ்டாலுக்குத் தமிழில் ‘தூக்குவிசை இழப்பு’ என்பது என் தேர்வு. ‘ஏற்றமிழப்பு’ சுருக்கமானதுதான், ஆனால் ஏற்றம் என்றால் விலையேற்றமும் கிணற்றேற்றமும் நினைவுக்கு வரும். ‘நிலைதடுமாற்றம்’ எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது. இன்னொரு கொடுமை, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை (ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் ஆஃப் அட்டாக்’) ‘தாக்குதல் கோணம்’ என்பது. பயணிகள் விமானம் யாரைத் தாக்கப்போகிறது?

‘இன்ஜின் நின்றது’ என்று படிப்பவர் இன்ஜின்மீது பழிபோடுவார், இல்லையென்றால் ஓட்டியவர்மீது. விழுந்த மேக்ஸ் விமானங்கள் இரண்டு: 2018 அக்டோபரில் லயன் ஏர் நிறுவனத்துடையது, 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸுடையது. இரண்டிலும் சேர்த்து 346 உயிர்கள். இரண்டிலுமே தூக்குவிசை இழப்பு வரவே இல்லை. கோணத்தை அளக்கும் ஒரே ஒரு உணரி (சென்சார்) தவறாகச் சொன்னதை நம்பி, மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. அப்படி ஒன்று இருப்பதையே முதல் விபத்துக்கு முன் போயிங் விமானிகளின் கையேட்டில் எழுதவில்லை. பழைய 737 ஓட்டியவர்களுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாத விமானம் என்பதுதான் விற்பனைப் பேச்சு.

2020 நவம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேக்ஸ் விமானங்களை மறுபடி பறக்க அனுமதித்தபோது, விமானத்திலுள்ள இரண்டு கோண உணரிகளையும் ஒப்பிட்ட பிறகே மென்பொருள் இயங்க வேண்டும், விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம் என்றெல்லாம் நிபந்தனை போட்டது. இன்ஜினை மாற்றச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பட்டியலையாவது ஒருமுறை படித்திருக்கலாம்.