புரியும், பேச வராது

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். சில்லறை எண்ணும்போது மட்டும் வாய் தானாகப் பர்மிய மொழிக்குப் போய்விடும்: "தித், ஹ்னித், தோன், லே, ங்கா..." மகளுக்கு அது புரியும், பேச வராது. பேரனுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தோ, மொய்ங்கா. இரண்டும் சாப்பிடுகிற சமாச்சாரம்.

மகளுக்குப் புரிந்தும் ஏன் பேச வரவில்லை? கேட்கும்போது, காதில் விழுந்த சொல்லை அடையாளம் கண்டால் போதும். மீதியைச் சூழல் சொல்லிவிடும். பேசும்போது அந்தச் சொல்லை நாமே தேடி எடுத்து, ஒழுங்காகக் கோத்து, ஒரு நொடிக்குள் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தினசரிப் பழக்கம் வேண்டும். தெருவும் பள்ளிக்கூடமும் தமிழில் நடக்கும்போது அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தாத்தா பாட்டி பேசுகிறார்கள், பெற்றோருக்குப் புரிகிறது, ஆனால் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்ற நிலைக்கு வந்த மொழியை யுனெஸ்கோ 'கடும் ஆபத்தில்' என்று வகைப்படுத்துகிறது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, பேசுகிறவர்களில் மிக இளையவருக்கு என்ன வயது என்பதுதான் முக்கியம்.

சரி, பர்மிய மொழிக்கு ஒன்றும் ஆகாது. கடலுக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள். அப்படி ஒரு 'அந்தப் பக்கம்' இல்லாத மொழி?

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறக்குறைய மூன்று நாளில் அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). அங்கே 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி சுமார் 85 வயதில் இறந்தார். அகா-போ மொழி தெரிந்த கடைசி ஆள். 1858-இல் ஆங்கிலேயர்கள் அங்கே கைதிகள் குடியிருப்பு அமைத்தபோது பெரிய அந்தமானியர்கள் என்ற பழங்குடியினர் பத்துக் குழுக்களாக, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போவாவின் குழு அவற்றில் ஒன்று. அப்புறம் அம்மை, மேகநோய் என்று வரிசையாக வந்தன. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியது 19 பேர். வெவ்வேறு குழுக்களில் மிஞ்சியவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ, மொழிகள் கலந்தன. பிள்ளைகள் இந்திக்குப் போனார்கள்.

அந்த மொழிக் குடும்பத்தின் இலக்கணம் உடம்பின் மேல் கட்டப்பட்டது. மொழியியலாளர் அன்விதா அப்பி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு. தலையில் வடியும் ரத்தத்துக்கு ஒன்று, விரலில் வடிவதற்கு வேறொன்று. நாம் ஒரே 'ரத்தம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

பெற்றோர் இறந்தபின் பல பத்தாண்டுகள் போவாவுக்குத் தம் மொழியில் பதில் சொல்ல ஆளில்லை. மற்றவர்களோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். பறவைகளோடு மட்டும் சொந்த மொழியில் பேசுவாராம். 'கடைசிப் பேச்சாளர்' என்ற பட்டமே எனக்கு உறுத்துகிறது. பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டுமே.

போன வாரம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடைக்குப் பாட்டியைக் கூட்டிப்போனோம். தட்டைப் பார்த்ததும் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். கடைப் பையன் முழித்தான்.

"காரம் கம்மியா போடச் சொல்றாங்க" என்றார் மகள்.