தராசை ஊரார் கையில் கொடுங்கள்

கிராமங்களில் ஊட்டச்சத்துப் பணி செய்பவர்களிடம் மக்கள் பங்கேற்பு எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் வருகைப் பதிவேட்டைத்தான் காட்டுகிறார்கள். நாம் பேசினோம், அவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தங்கள் ஊரில் எந்தக் குழந்தை மெலிகிறது, ஏன் மெலிகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று ஊராரே பார்த்து முடிவெடுப்பதைத்தான் நான் பங்கேற்பு என்பேன்.

இதற்கு வியட்நாமைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1990-ம் ஆண்டின் இறுதியில் ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பின் சார்பில் அங்கே போனார்கள். 'தான்ஹோவா' என்ற மாகாணத்துக் கிராமங்களில் குழந்தைகளை எடை போடும் வேலையை ஊர் மக்களிடமே விட்டார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: மிகவும் ஏழை வீட்டில் பிறந்தும் நல்ல எடையோடு இருக்கும் குழந்தை உண்டா? உண்டு என்று தெரிந்தது. அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், வயலில் கிடைக்கும் பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை எல்லாம் குழந்தையின் சோற்றில் சேர்ந்திருந்தன. குழந்தைக்கு ஆகாது என்று மற்ற வீடுகள் ஒதுக்கிய பொருள்கள் அவை. ஊட்டுவதற்கு முன் கை கழுவினார்கள். இரண்டு வேளையோடு நிறுத்தாமல் நாலைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். அப்புறம் தாய்மார்கள் கூடிச் சமைக்கத் தொடங்கினார்கள். வருகிறவர் ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. தேடி எடுப்பது, சமைப்பது, ஊட்டுவது எல்லாமே கைப்பழக்கமாகிவிட்டதால் வீட்டிலும் தொடர்ந்தது.

கூடிச் சமைப்பதில் நான் விடாமல் செய்து காட்டச் சொல்வது கரண்டிச் சோதனை. எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லி உணவைத்தான் கொள்ளும். அதைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஓடக் கூடாது, அதிலேயே நிற்க வேண்டும். 'கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்' என்று பாட்டிமார் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். அதனால் கரண்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து, நன்றாக மசிக்கச் சொல்லி, பேரக்குழந்தைக்கு அவர்களையே ஊட்ட விடுவேன். குழந்தை நிதானமாக விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பாட்டி, பக்கத்து வீட்டு மருமகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்.

அளவெடுப்பதும் இப்படித்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மேற்கையைச் சுற்றி அளக்க மூன்று நிற நாடா இருக்கிறது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். நைஜர் நாட்டில் தாய்மார்களிடமே நாடாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு இணையாக அளந்ததோடு, மெலிந்த குழந்தைகளை முன்கூட்டியே கண்டுபிடித்தும் விட்டார்கள். ஒன்று மட்டும் உறுதி: நாடா சிவப்பில் நின்றாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ, வீட்டுச் சமையலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விதைப்பு, அறுவடைக் காலங்களில் இதெல்லாம் தடுமாறும். தாய் வயலில் இருக்கும்போது நாலு முறை யார் ஊட்டுவது? அவருக்கு அறிவுரை சொல்லி என்ன பயன்? குழந்தைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், ஆள், அடுப்பு என்று ஊர் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பேச்சில் அப்பாக்களும் உட்கார வேண்டும். வீட்டில் எதை விற்பது, எதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வது என்பதைப் பல இடங்களில் அவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்?

கூட்டத்துக்கு வராத வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். கூலிக்குப் போகிற, ஊர் ஓரத்தில் இருக்கிற குடும்பங்களாகத்தான் அவை பெரும்பாலும் இருக்கும். அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முதலில் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.