30.06 பலகை: தமிழில் என்ன சொல்வது?

டெக்சாஸின் ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் ஒரு கடைவாசலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடிக் கதவில் பெரிய பெரிய எழுத்துகள், முதலில் ஆங்கிலம், அதன்கீழ் ஸ்பானிஷ். "மாமா, அம்மா இது என்னன்னு கேக்குறாங்க. தமிழ்ல எப்படிச் சொல்றது?" சட்டென்று 'துப்பாக்கித் தடைப் பலகை' என்று பதில் போட்டுவிட்டேன். அப்புறம் சட்டத்தைப் படித்தபோதுதான் அது பிழை என்று தெரிந்தது.

அந்தப் பலகையை அங்கே 'தர்ட்டி ஓ சிக்ஸ்' என்கிறார்கள். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 தோட்டாவுக்கும் இதற்கும் உறவு இல்லை. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30ஆம் அத்தியாயம் வீடு புகுந்து திருடுவதையும் அத்துமீறி நுழைவதையும் பற்றியது. அதன் 30.06ஆம் பிரிவு, கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர் அதை மறைத்து எடுத்துக்கொண்டு அத்துமீறுவதைச் சொல்கிறது. உரிமம் தரும் சட்டம் 1995இல் வந்தது, இந்தப் பிரிவு 1997இல். துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொள்ள 2016 ஜனவரியில் அனுமதி கிடைத்ததும் அதற்கென்று 30.07 பலகை வந்தது.

பலகையின் வாசகத்தைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும், எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும், பின்னணியிலிருந்து நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்பு வட்டமும் கோடும் போட்ட ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் 30.06 கேட்கும் அறிவிப்பு ஆகாது. அரசு உரிமம் கொடுத்த ஒருவரை வாசலில் நிறுத்துவதென்றால் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பலகையை மீறி உள்ளே போனால் அபராதம் 200 டாலர் வரை. உரிமையாளர் நேரில் "வெளியே போங்க" என்று சொல்லியும் போகாவிட்டால் ஓராண்டு வரை சிறை. ஆக, பலகை பேசுவது உரிமையாளரின் பேச்சைத்தான். அரசு அங்கே எதையும் தடை செய்யவில்லை. என் மொழிபெயர்ப்பு சறுக்கியது இங்கேதான்.

மெய்யான தடைப் பலகை வேறு. அங்கேயே குடிப்பதற்காக விற்கும் மதுவிலிருந்து 51 சதவீதமோ அதற்கு மேலோ வருமானம் வரும் பார்களில் '51%' என்று சிவப்பில் பெரிதாகப் போட்டிருக்கும். அங்கே துப்பாக்கி கூடாது என்று சொல்வது சட்டம். கடைக்காரர் சம்மதித்தாலும் பயனில்லை.

30.06இன் உயிர்ச்சொல் 'இசைவு'. உரிமையாளரின் செல்லுபடியாகும் இசைவு இல்லாமல் துப்பாக்கியோடு நுழைவதே குற்றம். சட்டத்தில் உள்ள கன்சென்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் 'சேர்ந்து உணர்தல்' என்று பொருள். நம் 'இசைதல்' என்பதும் பொருந்துதல், ஒத்துப்போதல்தான். சம்மதம் என்றும் சொல்லலாம், ஆனால் சட்டத் தமிழில் இசைவு பழகிய சொல், அதையே எடுத்துக்கொள்வேன்.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'அத்துமீறல்' என்பதில் உள்ள அத்து, எல்லை என்று பொருள்படும் 'ஹத்' என்ற அரபுச் சொல். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. இரண்டும் நம் வாயில் ஊறிவிட்டவை. எல்லைமீறல், சுடுகருவி என்று மாற்றினால் மைத்துனரின் அம்மாவுக்கு இன்னொரு விளக்கம் தேவைப்படும், அதனால் அவற்றில் கை வைக்கவில்லை.

எனவே 30.06க்கு நான் வைக்கும் சொல் 'இசைவு மறுப்புப் பலகை'. மைத்துனருக்கு இப்படித் திருத்தி அனுப்பினேன்: "லைசென்ஸ் இருந்தாலும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வர இந்தக் கடைக்காரர் இசையவில்லை என்று போட்டிருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்க."